யார் யாரைப் போய்ப் பார்ப்பது?

அம்பத்தூரை ஒட்டி இருக்கிற அயப்பாக்கம் என்றதும் எல்லோருக்கும் ஹவுசிங் போர்டு ஞாபகம் வரும். அதே ஹவுசிங் போர்டு பகுதியில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் தினமும் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம் அது. ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுப் பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளிவிவர நிறுவனத்தையும் ஒன்றாக்கி 1999-ல் ஆரம்பித்தார்கள். ஒரு நோய் எங்கே கிளம்புது, எப்படிப் பரவுது, எத்தனை பேரைத் தொட்டிருக்குன்னு கணக்கெடுக்கிற வேலை. 2020 மே மாதம், நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, 21 மாநிலங்களில் 28,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பெரியவர்களில் 0.73 சதவிகிதம் பேரைத்தான் கொரோனா அதுவரை தொட்டிருக்கிறது என்று சொன்ன முதல் தேசிய ஆய்வு அது. அதில் இந்த அயப்பாக்கம் விஞ்ஞானிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த நாட்களில் இங்கிருந்தும் நிபுணர்கள் முதல்வரின் ஆலோசனைக் கூட்டங்களுக்குப் போனார்கள். டி.வி. மைக்குகளுக்கு முன்னால் நின்று மாஸ்க் போடுங்க, டெஸ்ட் எடுங்க என்றார்கள். ஊரே கேட்டது. சரி, பயம் வந்தால்தான் இவர்களைத் தேடிப் போவோமா? பயம் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமைகளில் நம்ம எம்.எல்.ஏ.க்கள் யாரைக் கேட்டு சட்டசபையில் கை தூக்குகிறார்கள்?

நான் படித்தது பி.காம். எனக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள தூரம், பல எம்.எல்.ஏ.க்களுக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள அதே தூரம்தான். அதனால் அவர்களைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

"சார், ரெண்டு நாள்ல மிக கனமழைக்கு வாய்ப்பு இருக்கு."

"பெய்யுமா, பெய்யாதா? அதைச் சொல்லுங்க சார்."

"வாய்ப்பு அதிகம் சார்."

"அதைத்தான் போன வாரமும் சொன்னீங்க!"

இதில் யார் மேல் தப்பு? அவருக்கு நிகழ்தகவுதான் தெரியும். இவருக்கு ஆமாம் அல்லது இல்லை வேண்டும். நாளைக்கு வெள்ளம் வந்தால் ஒருத்தர் "நான் அப்பவே சொன்னேனே" என்பார். இன்னொருத்தர் "எனக்குப் புரியற மாதிரி யாரும் சொல்லலையே" என்பார். இரண்டும் பொய் இல்லை. ஆனால், இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் ஜனங்கள் மொட்டை மாடியில் நிற்பார்கள்.

இது வெறும் கற்பனை இல்லை என்பது பூந்தமல்லிக்காரர்களுக்குத் தெரியும். ஊரைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையில், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 சென்டிமீட்டர் பதிவானது. அரசுக் கணக்குப்படியே விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்டது. அடையாற்றுக் கரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் விழித்தபோது கட்டிலைத் தண்ணீர் தொட்டிருந்தது. அந்த வருஷ மழையில் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. முன்கூட்டியே திறந்திருக்கலாமே என்றார்கள். தாமதமே இல்லை என்றது அரசு. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது.

கனமழை வரும் என்று வானிலை மையம் சொல்லியிருந்தது. ரமணன் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் ஸ்கூல் லீவை எதிர்பார்த்த காலம் அது. அப்போ விஞ்ஞானி சொன்னதை அப்படியே செய்திருந்தால் போதுமா?

இங்கேதான் சிக்கல். அதே செம்பரம்பாக்கம் ஏரி 2019 கோடையில் வறண்டு கிடந்தது. சென்னை குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியது. வெள்ளத்துக்குப் பயந்து ஏரியைக் காலி செய்து, மழையும் ஏமாற்றினால் குடிக்கத் தண்ணீர் இல்லை. திறக்காமல் வைத்து, மழை கொட்டினால் வீடு இல்லை. எவ்வளவு மழை வரலாம் என்பதை விஞ்ஞானி சொல்லலாம். தாகமா, வெள்ளமா, எந்த ஆபத்தை எவ்வளவு தூரம் தாங்கலாம் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அதை முடிவு செய்யத்தான் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறோம். விஞ்ஞானியிடம் நாட்டைக் கொடுத்துவிடலாம் என்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதே சமயம், ஆபத்தின் அளவு தெரியாமல் முடிவெடுக்கிற எம்.எல்.ஏ. கண்ணைக் கட்டிக்கொண்டு நம் உயிரை வைத்துத் தாயம் உருட்டுகிறார்.

அப்படியானால், ஒருத்தர் சொல்லியே ஆக வேண்டும். இன்னொருத்தர் கேட்டே ஆக வேண்டும். எங்கள் காமர்ஸ் பாஷையில், பற்று ஒரு பக்கம் எழுதினால் வரவு இன்னொரு பக்கம் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு கணக்கு முடிந்தது என்று எழுந்து போக முடியாது.

அரசன் அறியாதவனாகவே இருந்தாலும், கூட இருப்பவன் நல்லதை எடுத்துச் சொல்வது கடமை என்று 'அமைச்சு' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். கவனியுங்கள்... கூட இருப்பவன்! இன்றைக்கு விஞ்ஞானி எங்கே கூட இருக்கிறார்? அவர் ஆய்வுக்கூடத்தில். இவர் கட்சி ஆபீஸில். நடுவில் ஏழெட்டு டேபிள்கள், அதன் மேல் ஃபைல்கள்.

கூட இருந்த காலமும் உண்டு. 1960-களில் நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துச் சாப்பிட்டது. அப்போது மத்திய உணவு அமைச்சர் நம்ம சி.சுப்பிரமணியம். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நம்ம எம்.எஸ்.சுவாமிநாதன். மெக்சிகோ ரகக் கோதுமை அதிக விளைச்சல் தரும் என்றார்கள் விஞ்ஞானிகள். எதிர்ப்பு பலமாக இருந்தது. அமைச்சர் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். தன் பங்களா புல்வெளியிலேயே கோதுமை விதைத்துப் பார்த்தார். 1966-ல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கியது. 1967 தேர்தலில் சி.எஸ். தோற்றார். 1968-ல் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டது அரசு!

விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவில் ஒரு தேர்தல் வந்துவிடும். கேட்டவருக்கு உடனே லாபம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கேட்பது கடமையாக இருப்பதே அதனால்தான். லாபம் நிச்சயம் என்றால் கடமை என்று பேர் எதற்கு?

பிரிட்டனில் ராயல் சொசைட்டி 2001-லிருந்து ஒரு காரியம் செய்து வருகிறது. ஒரு விஞ்ஞானியையும் ஒரு எம்.பி.யையும் ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். விஞ்ஞானி சில நாள் பார்லிமென்ட்டில் கூடவே இருந்து பார்ப்பார். எம்.பி. பிறகு அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பார்ப்பார். இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

நமக்கு அதைவிட வசதி. அயப்பாக்கத்தில் நோய்க் கணக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆவடியில் டாங்கி ஆராய்ச்சிக்கூடமே இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல், பூந்தமல்லி என்று பக்கத்துப் பக்கத்துத் தொகுதியில் நாலு எம்.எல்.ஏ.க்கள். கொரட்டூர் ஏரியில் கழிவு கலக்கிற வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. கோர்ட்டில் நிபுணர் அறிக்கை தருவதற்கு முன்னால், அந்த நிபுணரை ஏரிக்கரையில் நிறுத்தி, "இந்தத் தண்ணியில என்ன சார் இருக்கு?" என்று கேட்டால் என்ன? எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பது எம்.எல்.ஏ.வுக்குத் தெரியும். அது விஞ்ஞானிக்குத் தெரியாது. அவரும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

யார் முதலில் போய்ப் பார்ப்பது? இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுப்பது நம் வரிப்பணம். அதனால் அனுப்பி வைக்க வேண்டியதும் நாம்தான். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடு எப்போ, லைட் எப்போ என்று கேட்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: "ஏரியைப் பத்தி யார்கிட்ட விசாரிச்சீங்கண்ணே?"

இதை மழைக்காலத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.