காக்காமாரின் பெறுபேறு

பல வருடங்களுக்கு முன் எனது தரம் 10 வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனுடைய இரண்டு காக்காமாருக்கும் நானே கணிதம் படிப்பித்தேன். இருவரும் சாதாரண தரத்தில் சித்தியடையவில்லை. திறமையுள்ளவர்களுக்கென மாலை வகுப்பொன்று தொடங்கிப் பெயர்ப்பட்டியல் எழுதியபோது இவனுடைய விடைத்தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அந்த வீட்டுப் பிள்ளைதானே என்ற நினைப்பு. ஆசிரியர் கலாசாலையில் தனியாள் வேறுபாடுகள் பற்றிப் பக்கம் பக்கமாக விடை எழுதிச் சித்தியடைந்தவன் நான்!

செயற்கை நுண்ணறிவு பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வருகின்றது.

2020இல் கொவிட் காரணமாக இங்கிலாந்தில் உயர்தரப் பரீட்சை நடைபெறவில்லை. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு தரத்தைக் கணித்து, வகுப்பில் அவன் எத்தனையாவது என்பதையும் எழுதி அனுப்பினார்கள். பரீட்சைகளை மேற்பார்வை செய்யும் ஒஃப்குவால் நிறுவனம் அவற்றை ஒரு கணக்கீட்டு முறைக்குள் இட்டது. அதே பாடசாலையில் முந்திய மூன்று வருடங்களில் படித்தவர்கள் என்ன பெற்றார்கள் என்பதே அதன் பிரதான அளவுகோல். ஓகஸ்ட் 13இல் முடிவு வந்தபோது ஆசிரியர் கணித்த தரங்களில் நூற்றுக்கு 39 அளவில் குறைக்கப்பட்டிருந்தன. மாணவர் தொகை மிகக் குறைந்த வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் சொன்னதே நின்றது. அத்தகைய சிறு வகுப்புகள் பணம் கட்டிப் படிக்கும் பாடசாலைகளிலேயே அதிகம். பிள்ளைகள் வீதிக்கு இறங்கினார்கள். 17ஆம் திகதி, ஆசிரியர் கணித்த தரத்தையே ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

இது தானாகக் கற்கும் இயந்திரமல்ல, வெறும் புள்ளிவிபரக் கணக்கு என்பார்கள். சரி. ஆனால் கற்கும் இயந்திரம் கற்பதும் முன்னே போனவர்களிடமிருந்துதானே?

அமெரிக்காவில் மேலதிகப் பராமரிப்புத் தேவைப்படும் நோயாளரைத் தெரிவு செய்யும் கணனி முறையொன்றை ஆய்வாளர்கள் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அது நோயின் கடுமையை அளக்கவில்லை, மருத்துவச் செலவையே கணித்தது. அதே அளவு நோயுள்ள கறுப்பினத்தவருக்கு அங்கே செலவிடப்படுவது குறைவு. ஆகவே அவர்களுக்கு நோயும் குறைவு என்று அது தீர்மானித்தது. உதவிக்குத் தெரிவானோரில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 17.7 பேர். பிழையைத் திருத்தினால் 46.5 பேர். வஞ்சகம் நினைத்து எவரும் அதை ஆக்கவில்லை என்பதே என்னை அச்சுறுத்துகின்றது.

நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடியைத் தேட வரி அதிகாரிகள் பயன்படுத்திய கணனி முறை, அந்நாட்டுப் பிரஜையல்லாதவர் என்பதையும் ஓர் ஆபத்துக் குறியாக எடுத்தது. அந்த விவகாரத்தில் ஆயிரக்கணக்கான பெற்றோர் அநியாயமாகக் கள்வராக்கப்பட்டுக் கடனாளிகளானார்கள். தம்மை ஏன் சந்தேகித்தார்கள் என்பதற்கு ஒழுங்கான விளக்கம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் அரசாங்கமே இராஜினாமாச் செய்தது.

மனிதரும் இதைத்தானே செய்கிறார்கள் என்று நண்பரொருவர் கேட்டார். மறுக்க முடியவில்லை. இங்கிலாந்து ஆசிரியர்களின் கணிப்பிலும் தாராளம் இருந்தது. என்னைவிட இயந்திரத்துக்குப் பாரபட்சம் சிலவேளை குறைவாகவும் இருக்கலாம். ஆனால் என் பாரபட்சம் ஒரு வகுப்போடு நின்றது. அதை விசாரிக்க வருபவனுக்கு நான் இருந்தேன்.

பட்டியலை ஒட்டிய மறுநாள் அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

“சேர், என்ட பேர ஏன் போடல்ல?”

காக்காமாரைக் காரணம் காட்ட வாய் கூசியது. அவன் கையிலிருந்த கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு போய், ஒட்டியிருந்த தாளின் அடியில் அவன் பெயரை எழுதினேன்.