மூப்பும் காதலும்

மனிதன் எதற்கு அஞ்சுகிறான் என்பதை அவனுடைய பேய்க்கதைகள் காட்டிவிடும். எதை விரும்புகிறான் என்பதை அவனுடைய காதற்கதைகள் காட்டும். இவ்விரண்டும் ஒரே கதையில் கலந்து வருமாயின், அக்கதையைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையாகாது. இரத்தக் காட்டேரி ஒருவனுக்கும் பள்ளி மாணவி ஒருத்திக்கும் உண்டாகும் காதலைக் கூறும் அமெரிக்கத் திரைப்படங்கள் அத்தகையவை. அவற்றைக் கண்டு உருகிய இளம்பெண்கள் உலகெங்கும் பலர். எள்ளி நகையாடிய முதியோரும் பலர். முதியோர் வரிசையில் நிற்கும் யான் ஐந்து படங்களையும் பொறுமையுடன் பார்த்தேன். அவற்றில் நகைப்பதைக் காட்டிலும் சிந்திப்பதற்கு மிகுதியும் உண்டு எனக் கண்டேன்.

முதலில் பழைய படங்களை நினைவுகூர்தல் நலம். 1897ஆம் ஆண்டில் பிராம் ஸ்டோக்கர் என்னும் அயர்லாந்து எழுத்தாளர் ‘டிராகுலா’ என்னும் நாவலை வெளியிட்டார். அதனைத் தழுவி 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் என்பவர் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் ஊமைப் படத்தில், காட்டேரிக்கு எலியின் பற்களும் நீண்ட நகங்களும் வழுக்கைத் தலையும் இருந்தன. 1931இல் ஹாலிவுட்டில் பேலா லுகோசி நடித்த பேசும் படத்திலோ அவன் கண்ணியமான பிரபுவாகத் தோன்றினான். ஆயினும் அப்பிரபுவின் வாயிலிருந்தே ஓர் உண்மை வெளிவந்தது. மெய்யாக இறந்துபோதல் ஒரு பேறு என்றும், சாவினும் கொடியவை மனிதனுக்கு உண்டு என்றும் அவன் ஏக்கத்துடன் பேசுகிறான். முடிவில்லா வாழ்வு பெற்றவனே முடிவை நாடி ஏங்கினான்! தணியாத தாகத்தோடு ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும் நிலையே அப்பழைய கதைகளில் பேரச்சம் தருவதாக இருந்தது.

புதிய கதைக்கு வருவோம். ஸ்டெஃபனி மேயர் என்னும் அமெரிக்க அம்மையார் 2005 முதல் 2008 வரை நான்கு நாவல்களை வெளியிட்டார். அவை 2008 முதல் 2012 வரை ஐந்து படங்களாயின. முதற் படத்தின் பெயர் ‘ட்வைலைட்’. அந்திப்பொழுது என்பது அதன் பொருள். ஐந்தும் சேர்ந்து 330 கோடி டாலருக்கு மேல் ஈட்டின. கதை நிகழும் இடம் வாஷிங்டன் மாநிலத்தில் மழை மிகுந்த ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூர். பதினேழு வயதுடைய பெல்லா தன் தந்தையோடு வாழ அங்கு வருகிறாள். பள்ளியில் எட்வர்டு என்பவனைக் காண்கிறாள். அவனுக்கும் தோற்றத்தில் பதினேழு வயதே. ஆனால் அவன் 1918இல் சிகாகோ நகரில் இன்ஃபுளுயன்சாக் காய்ச்சலால் சாகுந்தறுவாயில் இருந்தபோது காட்டேரியாக்கப்பட்டவன். அன்று முதல் அவனுக்கு மூப்பு இல்லை. 1922ஆம் ஆண்டுப் படத்தின் காட்டேரி கதிரொளி பட்டு மடிந்தான். இவன் மேனியோ வெயிலில் வைரம்போல் மின்னுகிறது.

நடுநிலை நின்று ஆராய்வோர் முதலில் குணம் நாட வேண்டும். இக்கதையில் குணம் உண்டு. எட்வர்டின் குடும்பத்தார் மனித இரத்தம் பருகுவதில்லை என்று உறுதி பூண்டவர்கள். காட்டு விலங்குகளின் இரத்தத்தால் உயிர் வாழ்ந்துகொண்டு, தங்களை மரக்கறி உண்போர் என்று வேடிக்கையாகக் கூறிக்கொள்கின்றனர். கொல்லாமை நோற்போர் அவ்வேடிக்கையை ஒப்பார். எனினும் குடும்பத் தலைவராகிய கார்லைல் என்பவரை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் ஒரு மருத்துவர். குருதி சிந்தும் மருத்துவமனையில் நாள்தோறும் பணி செய்கிறார். தம்மைக் கொலையாளியாக்க வல்ல பொருளின் நடுவிலேயே நின்று பிறர் உயிரைக் காக்கிறார். வேட்கையைக் குறிக்கும் ‘தண்ஹா’ என்னும் பாலிச் சொல்லுக்குத் தாகம் என்பதே நேர்ப்பொருள். அத்தாகத்தை அடக்கியாளப் பழகுதல் ஒரு படி. அவ்வாறு பெற்ற ஆற்றலைப் பிறர்க்குப் பயன்படுத்துதல் மற்றொரு படி. இரண்டையும் அம்மருத்துவரிடம் காண்கிறோம். தான் விரும்பும் பெண்ணுக்குத் தன்னாலேயே தீங்கு நேருமோ என்று அஞ்சி விலகி நிற்கும் எட்வர்டும் ஓரளவு இப்பயிற்சியில் நிற்பவனே. விரும்பியதை உடனே அடைவதே காதல் என்று கற்பிக்கும் படங்கள் மலிந்திருக்க, விருப்பத்தை அடக்குதலும் அன்பின் ஒரு கூறு என்று இப்படங்கள் காட்டியது சிறிய செயலன்று.

குற்றங்களும் உள. அவற்றுட் பல வெளிப்படை. எட்வர்டு இரவில் பெல்லாவின் அறைக்குள் அவள் அறியாமற் புகுந்து, அவள் உறங்குவதைப் பல நாள் பார்த்திருந்ததாகக் கூறுகிறான். இதனைப் பெற்றோர் எவரும் அன்பு என்று கொள்ளார். அவன் பிரிந்து சென்றபோது அவள் மாதக்கணக்கில் உயிரற்றவள்போற் கிடக்கிறாள். பின்னர் அவனுடைய உருவெளித் தோற்றம் காண வேண்டிக் குன்றிலிருந்து கடலிற் குதிக்கிறாள். அவள் இறந்தாள் என்னும் பொய்ச்செய்தி கேட்டு அவனும் சாவைத் தேடி இத்தாலிக்குச் செல்கிறான். தன் வாழ்வின் பாரம் முழுவதையும் வேறொருவர் தோளில் ஏற்றுவதைக் காதலின் பெருமையாகக் காட்டுவது, இளையோர்க்குத் தீங்கு பயப்பது. இக்குற்றங்களைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆதலின் இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் ஆழ்ந்த செய்தி ஒன்று, 2009இல் வெளிவந்த ‘நியூ மூன்’ என்னும் இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் உள்ளது. அன்று பெல்லாவுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. கனவில் அவள் ஒரு புல்வெளியில் தன் பாட்டியைக் காண்கிறாள். நரைத்த தலை, திரைத்த முகம். தன் காதலனைப் பாட்டிக்கு அறிமுகம் செய்ய முற்படுகிறாள். அப்போது பாட்டியும் அவளைப் போலவே அசைகிறாள். அவளைப் போலவே வாய் திறக்கிறாள். எதிரே தோன்றுவது தன் உருவமே என்பது அவளுக்குப் புலனாகிறது. அருகில் எட்வர்டு பதினேழு வயதினனாகவே நிற்கிறான். அவள் திடுக்கிட்டு விழித்தெழுகிறாள். வாழ்த்துக் கூற வந்த தந்தை, நரைமயிர் ஒன்று தெரிகிறதே என்று விளையாட்டாகச் சொல்லவும், கண்ணாடியை நோக்கி ஓடுகிறாள்.

அன்பர்கள் இவ்விடத்திற் சற்று நின்று நோக்க வேண்டும். காட்டேரிப் படத்தில் அஞ்சத்தக்க உருவம் எது? 1922இல் எலிப்பல்லும் நீள்நகமும் உடைய பிணத்தின் உருவம். 2009இல் ஒரு பாட்டியின் முகம். இடைப்பட்ட எண்பத்தேழு ஆண்டுகளில் காட்டேரி காதலனானான், கிழவி பேயானாள். இதனைக் கண்டு எம்போன்ற முதியோர் வருந்தலாம். எங்கள் வருத்தம் பெரிதன்று. அவ்வச்சத்தை உள்ளத்தில் ஏற்றுக்கொண்டு வாழப்போகும் இளம்பெண்ணே இரங்கத்தக்கவள். அவள் கண்டு ஓடும் அம்முகம், அவளுக்காகக் காத்திருக்கும் அவளுடைய சொந்த முகமன்றோ? இன்னும் ஒன்று: கனவில் எட்வர்டு அம்முதிய உருவத்தைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. வெறுத்தவள் அவளே. அவள் ஐயுற்றது காதலனை என்பதினும் தன்னை என்றலே பொருந்தும்.

முதுமையைக் கண்டு உள்ளம் நடுங்குதல் இழிவன்று. கபிலவத்துவின் இளவரசர் தேரிற் சென்றபோது முதலிற் கண்டது ஒரு முதியவரையே. இந்நிலை எனக்கும் வருமோ என்று தேர்ப்பாகனை வினவினார். வரும் என்று அறிந்து கலங்கினார். பெல்லாவின் கலக்கமும் அதே இனத்தது. ஆனால் கலங்கிய பின் இருவரும் சென்ற வழிகள் வேறு. எல்லா உயிர்க்கும் பொதுவாகிய துன்பத்துக்கு எல்லா உயிர்க்கும் பயன்படும் வழியை இளவரசர் தேடினார். பெல்லாவோ பொதுவிதியிலிருந்து தனக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டினாள். ஒரு பல்லின் கடியில் அவ்விலக்கு கிடைக்கும் என்று நம்பினாள்.

அவ்விலக்கின் விலை என்ன என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒருத்தி அக்கதையிலேயே இருக்கிறாள். எட்வர்டின் குடும்பத்தைச் சேர்ந்த ரோசலி என்பவள், 2010இல் வந்த ‘எக்லிப்ஸ்’ என்னும் படத்தில் தன் வரலாற்றைப் பெல்லாவுக்குக் கூறுகிறாள். மணம் பேசப்பட்டவனாலேயே சீரழிக்கப்பட்டுத் தெருவிற் கிடந்தவளைக் கார்லைல் காட்டேரியாக்கிப் பிழைப்பித்தார். அழியா அழகும் வலிமையும் அன்புள்ள துணைவனும் அவளுக்கு வாய்த்தன. ஆயினும் அவள் ஏங்குவது எதற்கு? நரைத்த தலையோடு துணைவன் பக்கத்தில் இருக்க, பேரன் பேத்திகள் சூழ, வீட்டு முகப்பில் அமர்ந்திருக்கும் ஒரு மாலைப்பொழுதுக்கு. பெல்லாவைக் காட்டேரியாக்கலாமா என்று குடும்பத்தார் ஒவ்வொருவராகக் கருத்துக் கூறியபோது, அவள்மீது கொண்ட இரக்கத்தால் வேண்டாம் என்றவள் ரோசலியே. ஐந்து படங்களிலும் முதியோர் உள்ளத்துக்கு மிக நெருங்கிய குரல் அவளுடையது. பெல்லாவோ அதனைக் கேட்டும் கொள்ளவில்லை. இறுதிப் படம் அவள் கொள்ளாததே சரி என்று முடிக்கிறது. பெல்லாவுக்கு மூவா அழகு கிடைக்கிறது, குழந்தை கிடைக்கிறது, தந்தையின் உறவும் நிலைக்கிறது, பிறரைப் பல மாதம் வருத்தும் தாகமும் அவளுக்கு எளிதில் அடங்கிவிடுகிறது. ஒன்றும் இழவாமல் எல்லாம் பெற்றாள். படங்களின் பெரும்பொய் இதுவே. காட்டேரி உண்டு என்பதைச் சிறுவரும் நம்பார். விலையின்றி நிலைபேறு உண்டு என்பதை நம்பிவிடுவர்.

அன்புக்குரியவர் என்றும் நம்முடன் இருக்க வேண்டும் என்று விழைவது தவறோ என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. பாலி நூல்களில் நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய தம்பதியர் வருகின்றனர். இளம்பருவத்தில் மணந்தது முதல் ஒருவரையொருவர் உள்ளத்தாலும் வஞ்சித்திலேம் என்றும், இப்பிறப்பிற் போலவே வரும் பிறப்பிலும் கூடியிருக்க விரும்புகிறோம் என்றும் அவர்கள் பகவரிடம் விண்ணப்பித்தனர். அவ்விருப்பத்தை அவர் கடிந்துரைக்கவில்லை. நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஈகையிலும் அறிவிலும் இருவரும் ஒத்திருப்பின் அது கூடும் என்றார். மற்றொரு முறை நகுலபிதா நோயுற்றுச் சாவை எதிர்நோக்கியபோது, மனைவி அவர்முன் அழுது புலம்பவில்லை. கவலையோடு இறத்தல் துன்பம் என்று கூறி, தாம் பருத்தி நூற்க வல்லவர் என்றும், மக்களைக் காத்துக் குடும்பத்தை நடத்துவார் என்றும், அறநெறியில் வழுவார் என்றும் சொல்லித் தேற்றினார். நோய் தீர்ந்து கோலூன்றி வந்த கணவரிடம், இத்தகைய மனைவியைப் பெற்றது உம்முடைய பேறு என்று பகவர் பாராட்டினார்.

நீ இல்லையேல் நான் கடலிற் குதிப்பேன் என்பது ஒரு காதல். நீ சென்றாலும் நான் நூல் நூற்று நம் மக்களைக் காப்பேன், கவலையின்றி இரு என்பது மற்றொரு காதல். இரண்டும் பிரிவுக்கு முன் நிற்கும் காதலே. முன்னது மற்றவர் உள்ளத்தில் அச்சத்தை வளர்க்கிறது. பின்னது இருக்கும் அச்சத்தை நீக்குகிறது. நகுலமாதாவின் முகத்தில் திரை விழுந்திருக்கும். நூற்ற விரல்கள் காய்த்திருக்கும். பதினேழு வயதில் நின்றுவிட்ட மேனியுடையார்க்கு அத்தகைய சொல்லைச் சொல்லும் வாய்ப்பே வருவதில்லை. நிலைக்க வேண்டுவது மேனியின் இளமை என்று கொண்டவர் காலத்தோடு ஓயாமற் போரிட வேண்டும். இருவர்தம் பண்பின் ஒற்றுமை என்று கொண்டவர்க்குக் காலமே துணையாகிறது.

இப்படங்களை இளையோர் பார்த்தலாகாது என்று தடுத்தல் பயன் தராது. நரைக்கு மை பூசி வயதைக் குறைத்துச் சொல்லும் முதியோர் அவ்வாறு தடுக்கும் தகுதியும் உடையரல்லர். பெல்லாவின் அச்சத்தை வளர்ப்போரில் அவர்களும் அடங்குவர். இளையோருடன் ஒன்றாக அமர்ந்து பார்த்தல் நன்று. பார்த்த பின் ஒரு வினாவை அன்போடு கேட்டல் இன்னும் நன்று: “அம்மா, கனவில் வந்த அப்பாட்டியிடம் அஞ்சத்தக்கது என்ன கண்டாய்?” விடை சொல்லுமுன் அப்பெண் கேட்டவரின் முகத்தை ஒருமுறை ஏறெடுத்துப் பார்ப்பாள். அம்முகம் அமைதியாக இருக்குமாறு வாழ்ந்திருத்தல் முதியோர் கடன்.