தப்பிய விபத்தும் தேடாத காரணமும்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. நேரவிருந்த கேடு நேராது ஒழிந்தமைக்கு மகிழும் மனநிலையை அது காட்டுகிறது. ஆயின், அம்மகிழ்ச்சியோடு ஆராய்வும் முடிந்துவிடுதல் அறமாகுமா என்பது சிந்தனைக்குரியது.

கோப்பாயின் செம்மண் தோட்டங்களில், நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன், துலாவினாலே நீர் இறைக்கப்பட்டது. துலாவின்மீது ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கிணற்றருகே நின்ற மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பார். மிதிப்பவரின் கால் ஒருநாள் வழுக்கியது. எப்படியோ உயிர் தப்பினார் எனக் கொள்வோம். "கவனமாக மிதி" என்ற அறிவுரையோடு வேலை தொடரும். மரம் ஏன் வழுக்கியது, பற்றிக்கொள்ள ஏதேனும் இருந்ததா, எத்துணை நேரம் ஓய்வின்றி மிதித்தார் என்னும் வினாக்கள் எழமாட்டா. மறுநாள் அதே மரத்தில் வேறொருவர் ஏறுவார். முன்னவர் தப்பியது அவர் பேறு. பின்னவர் வீழ்ந்தால் அது யார் பொறுப்பு?

உயிரிழப்பையோ மூன்று நாளுக்கு மேற்பட்ட வேலையிழப்பையோ விளைவிக்கும் விபத்தை அதிகாரிக்கு அறிவிக்குமாறு இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பணிக்கிறது. தோட்டக் கிணறு தொழிற்சாலையன்று. அங்கே ஆராயும் கடமை பணி செய்வோரிடமும் பணி கொள்வோரிடமுமே தங்குகிறது.

ஆராய்தல் என்றதும் குற்றவாளியைத் தேடுதலே மனத்தில் எழுகிறது. மனுநீதிச் சோழன் கதையில் தேர்க்காலிற் பட்டுக் கன்று இறந்தது. அரசன் தன் மைந்தனையே தண்டித்தான். அவன் நடுநிலை போற்றத்தக்கதே. எனினும், தேரோடும் வீதியிற் கன்று புகுந்தது எவ்வாறு என்ற வினாவுக்கு அத்தண்டனை விடை தரவில்லை. தண்டனை நிகழ்ந்ததற்கு ஈடுதேடுகிறது. காரணங்காணல் நிகழவிருப்பதைத் தடுக்க முயல்கிறது.

மேலும், தண்டனைக்கு அஞ்சுவோர் தப்பிய விபத்தை மறைப்பர். விமானப் பணியாளர் தம் தவறுகளை அச்சமின்றி அறிவிப்பதற்கென 1976இல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அறிவிப்பவரின் பெயர் அதில் நீக்கப்படுகிறது. பாடம் மட்டும் நிலைக்கிறது.

அங்ஙனமாயின் எவருமே பொறுப்பாளர் அல்லரோ என வினவலாம். போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதே ஆலையில் 1981இலேயே வாயுக் கசிவினால் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். பேரழிவின் பின்னர், அது ஒரு தொழிலாளியின் நாசவேலை என நிறுவனம் வாதிட்டது. ஒருவரைச் சுட்டிய அவ்விரல், முன்னரே கிடைத்த எச்சரிக்கையிலிருந்து பார்வையை விலக்கியது. அறியாது தவறியவரினும் அறிந்தும் திருத்தாதவரே பெரும் பொறுப்புடையவர். ஆகவே, காரணங்காணல் பொறுப்பைக் கரைப்பதன்று. அதனை உரிய இடத்திற் சேர்ப்பதாகும்.

துலா மறைந்து, இயந்திரமும் பூச்சிநாசினித் தெளிகருவியும் தோட்டத்துக்கு வந்துவிட்டன. வழுக்கியவர் நாணமின்றி அதைச் சொல்லவும், கேட்டவர் கடிந்துகொள்ளுமுன் காரணத்தைத் தேடவும் பழகும்வரை, கருவிகள் மாறினும் கேடு மாறாது.