தவில் அடி விழும் நேரத்துக்கு

பாட்டுக் கேட்க வீட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தறி. ஆனாலும் பேச்சு ஐந்நூறில் ஆரம்பித்து ஆயிரத்தில் போய் நிற்கும். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இது இன்னும் விநோதமாகப் படுகிறது. குழித்தறியின் பலகை அடிக்கிற சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலே, நாடாவில் ஏதோ கோளாறு என்று பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடும் காதுகள் இங்குள்ளவை. அந்தக் காதுக்கு ஆயிரம் வாட்ஸ் எதற்கு?

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி சுமார் 87 டெசிபல் சத்தம் வரும். நாம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல். அந்தப் பேச்சின் அளவுக்குப் பாட வைக்க, ஒரு வாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். நிறைவாகவே கேட்கிறோம் என்றாலும் அரை வாட், ஒரு வாட்டுக்குள் முடிந்துவிடும். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது லேசான வித்தியாசம். இரட்டிப்புச் சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் வாட்ஸ் பத்து மடங்கு ஆக வேண்டும். கூடுதல் காசு கொடுத்து இந்த 3 டெசிபலைத்தான் வாங்குகிறோம் என்பது பலருக்குத் தெரியாது.

அப்படியானால் ஐந்து வாட்ஸ் போதுமே என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வைகாசி கருட சேவையன்று சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் புறப்பாட்டுக்கு முன்னால் நின்று நாகஸ்வரமும் தவிலும் கேட்டவர்களுக்குக் காரணம் விளங்கும். தவில் எந்நேரமும் உரக்க ஒலிப்பதில்லை. ஆலாபனைக்கு வழிவிட்டுச் சும்மா இருக்கும், மெல்லத் தொட்டுக்கொண்டு வரும், பிறகு திடீரென்று ஓர் அடி விழும். அந்த அடியின் உச்சி, சராசரிச் சத்தத்தைவிட 20 டெசிபல் உயர்ந்து போகக்கூடும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு சக்தி. அரை வாட்டில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் அந்த ஒரு கணத்துக்கு 50 வாட்ஸ் தந்தாக வேண்டும். தர முடியாத ஆம்ப், அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கிவிடும். கேட்கிறவருக்கு அது கரகரப்பாகவும் எரிச்சலாகவும் தெரியும். ஸ்பீக்கரின் ட்வீட்டர் கருகிப் போவதும் பல சமயம் இதனால்தான்.

மூங்கில் மண்டபம் பக்கம் ரேடியோ, டேப் எல்லாம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம் நானும் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்டேன். "அட்டையில போட்டிருக்கறத விடு தம்பி. தூக்கிப் பாரு" என்றார். தூக்கினேன், எதிர்பார்த்ததைவிடக் கனம். மூடியைக் கழற்றிக் காட்டினார். பெட்டியின் பாதி இடத்தை ஒரு வட்ட டிரான்ஸ்ஃபார்மர் அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டிக் கட்டைவிரலைவிடப் பருமனான இரண்டு கண்டன்சர்கள், ஓரமாக வரி வரியாக ஹீட் சிங்க். கண்டன்சர் மேல் விரலை வைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் நிற்குமாம். "அடி விழறப்போ கேக்கற கரண்ட் இங்கேருந்துதான் போகும். இங்க இருப்பு இல்லேன்னா, மேல எத்தனை பட்டன் இருந்து என்ன?"

இப்போது வருகிற டி கிளாஸ் ஆம்ப்களுக்கு இந்த எடைச் சோதனை செல்லாது. உள்ளங்கை அகலமே உள்ள பெட்டிகூட நன்றாகப் பாடுகிறது. ஆனால் இருப்பைப் பற்றி அவர் சொன்னது எல்லாவற்றுக்கும் செல்லும். தினமும் செலவாவது அரை வாட்தான். ஆனாலும் ஐம்பது வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான நாள் அது வேலை இல்லாமல் கிடக்கும். அதை வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். திணறாமல் இருப்பதற்குத்தான் பலம் வேண்டியிருக்கிறது. குரலை உயர்த்தாமலே வீட்டை நடத்திய பெரியவர்களை எனக்குத் தெரியும். நெருக்கடி வந்த அன்றுதான் அவர்களிடம் எவ்வளவு இருந்தது என்று மற்றவர்களுக்குப் புரிந்தது. எனக்கும் அப்படி வாழத்தான் ஆசை.

அட்டையில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பி.எம்.பி.ஓ. என்று 2000, 3000 எனப் போட்டிருப்பது ஒரு நொடியின் சிறு துளியில் எட்டுவதாகச் சொல்லப்படும் கணக்கு; அதை நம்பவே கூடாது. ஆர்.எம்.எஸ். என்பதுதான் ஆம்ப் தொடர்ந்து தரக்கூடியது. நம் ஊரில் ஜரிகையின் மினுமினுப்பைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. சுரண்டிப் பார்த்து, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று தேடுவோம். அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும்.

இவ்வளவும் எதைக் கேட்பதற்கு? இதே காஞ்சிபுரத்தில் பாடியவர் நாயனாப் பிள்ளை. மைக் பரவலான காலத்துக்கு முந்தியவர், 1934-இல் காலமானார். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று 'ஃபுல் பெஞ்ச்' பக்கவாத்தியத்தோடு பாடி, லயத்தில் அத்தனை பேரோடும் ஈடுகொடுத்தவர். அவர் பாட்டு இசைத்தட்டில் பதிவாகவில்லை. எத்தனை லட்சம் கொடுத்து எந்த ஆம்ப் வாங்கினாலும் அந்தக் குரல் நமக்குக் கிடைக்காது. ஆனால் அவரைக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுமி இந்த ஊரில் இருந்தார். 1919-இல் பிறந்த டி.கே. பட்டம்மாள். கச்சேரிகளில் உட்கார்ந்து கேட்டு, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்தே கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி எழுதி வைத்துக்கொண்டவர். அவரிடம் எந்தக் கருவியும் இல்லை, இன்னொரு முறை போட்டுக் கேட்கும் வசதியும் இல்லை. நமக்கு எல்லாம் இருக்கிறது. ஒரு பாட்டை முழுதாக உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் குறைந்துவிட்டது. ஆம்ப்புக்குச் செலவழிப்பதில் நான் குறை காணவில்லை. கேட்பதற்கு ஒதுக்கும் நேரத்தையும் அந்தச் செலவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: சேனலுக்கு 40, 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். உள்ள நல்ல ஆம்ப் ஒன்று போதும். மிச்சக் காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கள். கடைக்குப் போகும்போது பட்டம்மாளின் பாட்டு ஒன்றையும் தவில் தனி ஒன்றையும் கொண்டு போங்கள். அந்தக் கனத்த குரல் மார்பிலிருந்து வருவதாகத் தெரிகிறதா, பின்னால் தம்புரா அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூட வைத்தாலே அது நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். கடைக்காரர் வால்யூமைக் கூட்டினால், குறைக்கச் சொல்லிவிட்டு, அரை மணி நேரமாவது உட்கார்ந்து கேளுங்கள்.