பாட்டனார் வைத்த நிதி

உற்சவ காலத்தில் பெருமாள் ஸந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டுகிறோம். அர்ச்சகர் கோத்திரமும் நட்சத்திரமும் பெயரும் கேட்கிறார். இளைஞர் பலர் அந்த நொடியில் திரும்பி அன்னையின் முகத்தையோ பாட்டியின் முகத்தையோ பார்ப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நான் யார் வழியில் வந்தவன் என்னும் கேள்வி பலருக்கு அங்கேதான் முதன்முதலாக எழுகிறது. அக்கேள்வியைத் தொடர்ந்து சென்றால் நமக்குக் கிடைப்பது பெருமையா, கடனா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், அடியேன் பொழுதுபோக்காகக் குடும்ப வரலாறு தேடத் தொடங்கினேன். தர்ப்பணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் மூன்று தலைமுறைப் பெயர்கள் நாவில் நிற்கும். அதற்கு மேலே செல்ல ஓலை ஜாதகங்கள், பழைய பத்திரங்கள், வரவு செலவுக் கணக்குகள் ஆகியவை வேண்டும். ஹரித்வாரத்திலும் கயையிலும் பண்டாக்கள் வழிவழியாக யாத்திரிகர்களின் வம்சப் பெயர்களை ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1858-ல் ஏற்பட்ட இனாம் கமிஷன் மானிய நிலங்களை விசாரித்துப் பதிவு செய்தது. அப்பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இத்துறையில் இறங்குவோர் முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெற்றோர் இருவர், அவர்தம் பெற்றோர் நால்வர், அதற்கு மேல் எண்மர். இவ்வாறு இரட்டித்துச் சென்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள் உள்ளன. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நம் வழக்கத்தால் ஒருவரே இரண்டு இடங்களில் வருவதுண்டு. எனினும் தொகை பெரிதே. அவர்களுள் புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு "நான் இன்னார் வம்சம்" என்பவர், மற்ற ஆயிரம் பேருக்கும் தாம் பட்ட கடனை மறந்தவராகிறார். அந்த ஆயிரத்தில் பாதிப்பேர் பெண்கள். அவர்களில் பலருடைய பெயரை எந்தப் பத்திரமும் சொல்வதில்லை.

தேடுவோர் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு உண்டு. பிரபவ முதலான ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. ஆண்டின் பெயரை மட்டும் கொண்டு காலத்தை நிச்சயிக்க முடியாது. இது ஒன்று. பாட்டன் பெயரையே பேரனுக்கு இடுவது நம் வழக்கமாதலால், இரண்டே பெயர்கள் மாறி மாறி வருவது மற்றொன்று. இவ்விரண்டிலும் அடியேன் ஒருசேர விழுந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பெருமை வழங்கி வந்தது. எங்கள் முன்னோர் ஊர்ப் பெருமாளுக்கு நந்தவனத்திற்காக நிலம் எழுதிவைத்தவர்கள் என்று கல்யாண வீடுகளில் பெரியோர் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். இனாம் பதிவேட்டைப் பார்த்தபோது விஷயம் தலைகீழாக இருந்தது. நாங்கள் கோயிலுக்கு நிலம் கொடுக்கவில்லை. பெருமாளுக்குத் திருமாலை கட்டிச் சமர்ப்பிக்கும் கைங்கர்யத்திற்காக எங்கள் குடும்பத்துக்குத்தான் நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது. கொடுத்தவர்கள் அல்லோம், பெற்றவர்கள். அந்த நிலத்தை உழுதவர்களின் பெயர்களோ அப்பதிவேட்டில் இல்லவே இல்லை.

அதன்பின் பழைய பெட்டி ஒன்றில் ஒரு விக்கிரயப் பத்திரம் அகப்பட்டது. அதே நிலம், தாது வருஷம் மார்கழி மாதத்தில் கைமாறியிருந்தது. விற்றவர் பெயர் என் பாட்டனார் பெயர்; தகப்பனார் பெயரும் பொருந்தியது. 1936-ல் தொடங்கியது தாது வருஷம். பாட்டனார் அப்போது நடுவயதில் இருந்தவர். மடியில் இருத்தி என்னை வளர்த்தவர் பெருமாளின் மாலைக்குரிய நிலத்தை விற்றாரா! சில நாட்கள் அவருடைய படத்தை நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை.

பிறகு ஒருநாள் அப்பத்திரத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரையில் இருந்தது விக்டோரியா மகாராணியின் தலை. ஆகவே அது முந்திய தாது. 1876-ல் தொடங்கிய ஆண்டு. விற்றவர் என் பாட்டனார் அல்லர்; அவருடைய பாட்டனார். பெயரும் ஒன்று, தந்தை பெயரும் ஒன்று, ஆண்டின் பெயரும் ஒன்று. அந்தத் தாது எது என்று நம் நாட்டில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லப்படும் பஞ்சம் அது. மழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்ட காலம். அந்த மார்கழியில் நிலத்தை விற்றவர் வீட்டில் உலை கொதித்ததோ இல்லையோ, யார் அறிவார்?

என் தமையனார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதே. நமக்காகப் பிண்டம் எதிர்பார்த்து நிற்பவர்களை நாமே நிந்திக்கலாமா?" என்றார். அவர் கூற்றைத் தள்ளிவிட இயலாது. எதிரில் நின்று விடை சொல்ல முடியாதவர்மீது குற்றம் சாட்டுவது தர்மமாகாது. ஆனால் நிந்தையை உண்டாக்கியது உண்மையா, அரைகுறை உண்மையா என்று எண்ணிப் பார்த்தேன். ஆண்டை ஆராயாமல் பாட்டனாரைக் குற்றவாளியாக்கினேனே, அதுதான் நிந்தை. ஆண்டை ஆராய்ந்தபோது அவரும் விடுபட்டார். உண்மையில் விற்றவரிடத்திலும் இரக்கம் பிறந்தது.

மேலும் ஒன்று. முன்னோர் செய்த தர்மம் எனக்குப் பெருமை தரும் என்றால், அவர்கள் விட்ட குறை மட்டும் என்னைச் சேராது என்று சொல்வது எவ்வாறு நியாயமாகும்? இரண்டுமே நாம் செய்தவை அல்ல. சொத்தை வாங்கிக்கொண்டு கடனை மறுக்கும் வாரிசை உலகம் பழிக்கிறது. பெருமையை வாங்கிக்கொண்டு குறையை மறைப்பவனும் அத்தகையவனே. பழி வம்சவழியாக வருவதில்லை. அது செய்தவரோடு போகிறது. முடியாமல் நின்ற கடமையோ வழிவழியாக வந்து நம் வாசலில் நிற்கிறது.

குருபரம்பரையில் ஆளவந்தாரின் சரித்திரம் யாவரும் அறிந்ததே. வாதத்தில் வென்று பாதி ராஜ்யம் பெற்று அரண்மனையில் வாழ்ந்த அவருக்கு, மணக்கால் நம்பி ஆறு மாதம் தூதுவளைக் கீரை கொண்டுவந்து கொடுத்துப் பழகி, "உம்முடைய பாட்டனார் நாதமுனிகள் வைத்துப்போன நிதி என்னிடம் இருக்கிறது" என்றார். அந்த நிதியைக் காட்டுவதாக அழைத்துச் சென்று அவர் காட்டியது திருவரங்கத்துப் பெருமாளை. அந்நிதியை இடையில் காத்து நின்ற உய்யக்கொண்டாரும் மணக்கால் நம்பியும் பிறப்பால் அக்குடும்பத்தவர் அல்லர் என்பது நோக்கத்தக்கது. பாட்டன் சொத்து பேரனுக்கு வந்தது; ஆனால் ரத்தவழியாக வரவில்லை. வந்த சொத்தும் அனுபவிக்க வந்ததன்று, தொண்டு செய்ய வந்தது. திருத்துழாயின் அடியில் கண்டெடுக்கப்பட்ட ஆண்டாளுக்கு எந்த ஏட்டைப் பார்த்து வம்சாவளி எழுதுவது? பத்திரமும் மானியமும் இல்லாத குடும்பத்தவர் தமக்கு வரலாறு இல்லையென்று வருந்த வேண்டுவதில்லை.

என் பாட்டனாரிடம் கிணற்றடியில் நாலு துளசிச் செடியும் ஒரு நந்தியாவட்டையும் இருந்தன. சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் ஈர வேஷ்டியுடன் அமர்ந்து மாலை தொடுத்து, வாழை இலையில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோவார். நார் கிழித்துத் தருவது என் வேலை. பழக்கம் என்றே அப்போது நினைத்தேன். விற்ற நிலத்தின் கதை அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க இன்று அவர் இல்லை. நிலம் போன பிறகும் கைங்கர்யம் முற்றிலும் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

குடும்ப ஏட்டில் நான் மூன்றையும் எழுதினேன்: மானியம் பெற்றதை, பஞ்சத்தில் விற்றதை, பாட்டனார் கட்டிய மாலையை. தமையனார் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "துளசிக் கன்று இருந்தால் ஒன்று கொடு" என்றார்.

உற்சவம் ஸேவிக்க வந்திருக்கும் அன்பர்களே! உங்கள் கூட்டத்தில் மிக வயது முதிர்ந்த அம்மையாரிடம் இன்று மாலையே அவருடைய தாயின் பெயரையும், அந்தத் தாயைப் பெற்றவளின் பெயரையும் கேளுங்கள். இம்மலரின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அவர்கள் தொடங்கி முடியாமல் நின்ற நற்செயல் ஏதேனும் உண்டா என்றும் கேளுங்கள். அதை நிறைவேற்றும் பாக்கியத்தை எம்பெருமான் உங்களுக்கு அருள்வானாக.