புழுக்கமும் ஒரு சொத்து

தம்பி, உன்னிடம் என்னென்ன இல்லை என்று நீ ஒரு பட்டியல் வைத்திருக்கிறாய். பணம் இல்லை, இடம் இல்லை, கை தூக்கிவிட ஆள் இல்லை. இருப்பதெல்லாம் வாடகை வீடு, ஒற்றை ஜன்னல், மே மாதப் புழுக்கம். அந்தப் பட்டியலை மடித்து வை. அந்த ஜன்னலோரத்தில் ஒரு குடுவைச் செடியைத் தொங்கவிடு. நெப்பந்தஸ் என்று பள்ளியில் படித்து, படம் வரைந்து, பாகம் குறித்து, பரீட்சையோடு மறந்தாயே, அதே செடிதான்.

அது பிறந்த மண்ணைப் பற்றிக் கேள். போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் தீவுகள். நமக்கு அருகே இலங்கையின் தென்மேற்கு ஈரநிலங்கள், மேகாலயாவின் காரோ, காசி மலைகள். கொட்டுகிற மழை மண்ணின் சத்தைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும். நைட்ரஜனும் பாஸ்பரசும் பெயரளவுக்குத்தான் மிஞ்சும். அந்த இடத்தில் இந்தச் செடி என்ன செய்தது தெரியுமா? இலையின் நுனியைக் கம்பியாக நீட்டியது. கம்பியின் முனையை ஊதிக் குடுவையாக்கியது. குடுவைக்கு ஒரு மூடி, விளிம்பில் தேன். அந்த விளிம்பு ஈரமானால் நீர்ப்படலம் படியும். எறும்பின் கால் அதில் வழுக்கும். உள்சுவரில் பல இனங்களுக்கு மெழுகுப் பூச்சு. அடியில் செரிமானச் சாறு. மண் தராத நைட்ரஜனை அது காற்றில் பறந்தும் மரத்தில் ஊர்ந்தும் திரிகிற உயிர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

இன்னொன்றையும் கவனி. குடுவைக்குள் சாறு ஊறித் தயாராகும்வரை மூடி திறப்பதில்லை. அதுவரை உள்ளே ஒரு தூசி போகாது. பாதி வேலையை ஊருக்குக் காட்டிக் கைதட்டு வாங்கி, மீதியைக் கிடப்பில் போடும் நமக்கு இது உறைக்க வேண்டும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போர்னியோ மலைகளில் நெப்பந்தஸ் லோவி என்று ஓர் இனம் உண்டு. அந்த உயரத்தில் எறும்பு குறைவு. அதற்காக அது பட்டினி கிடக்கவில்லை. மூடியின் அடிப்பக்கத்தில் இனிப்பைச் சுரந்து மர மூஞ்சூறை அழைக்கிறது. மூஞ்சூறு குடுவையின் மேல் உட்கார்ந்து நக்குகிறது, அப்படியே உள்ளே எச்சமிட்டுப் போகிறது. வளர்ந்த செடியின் இலையிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் அந்த எச்சத்திலிருந்து வருவதாக 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. உன்மேல் ஒருவன் சேற்றை வாரி வீசினான் என்று எத்தனை நாள் அழுதுகொண்டிருப்பாய்? அதையும் உரமாக்கி வளர்கிற உயிர் இருக்கிறது!

சரி, பாவம் என்று இரக்கப்பட்டு இதற்குச் செம்மண்ணும் மாட்டெருவும் போட்டுப் பார். வேர் கருகும். மண்ணில் சத்து தாராளமாகக் கிடைத்தால் குடுவை கட்டுவதையே குறைத்துக்கொள்ளும். இல்லாமையில்தான் அது தன் திறமையைக் காட்டும்.

இது பணக்காரர் வளர்க்கும் செடியாயிற்றே என்பாய். ஒரு காலத்தில் அப்படித்தான். 1860-களில் லண்டன் செல்சியில் வீச் குடும்பத்தின் நாற்றங்காலில் இந்தச் செடிகளைக் கலப்பினம் செய்தார்கள். ஆங்கிலேயச் சீமான்கள் கண்ணாடி மாளிகை கட்டி, உலை எரித்து, குழாயில் வெந்நீர் ஓட்டி இதை வளர்த்தார்கள். எதற்காக அத்தனை செலவு? வெக்கையும் ஈரமுமான காற்றுக்காக! சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் நீ வியர்த்துச் சபிக்கிற அதே காற்றுக்காக! நிலக்கரி எரித்து அவர்கள் வாங்கியதை இலவசமாக வைத்துக்கொண்டு, என்னிடம் ஒன்றுமில்லை என்கிறாய்.

ஆனால் தன்னம்பிக்கை வேறு, வீம்பு வேறு. போர்னியோவின் கினபாலு மலையில் 1,500 மீட்டருக்கு மேல் வளரும் ராஜா என்ற இனத்தைப் படத்தில் பார்த்து ஆசைப்படாதே. குளிர்ந்த இரவு இல்லாமல் அது தாங்காது. ஊட்டிக்காரர் மலையினங்களை முயலட்டும். சமவெளிக்காரன் நீ, வென்ட்ராட்டா என்ற கலப்பினத்தையோ மிராபிலிஸ் போன்ற தாழ்நில இனத்தையோ எடு. உன் ஊருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது தோல்வியாகாது.

தண்ணீரில்தான் நிறையச் செடிகள் சாகின்றன. போர் தண்ணீர் கூடாது. அதன் உப்பு வேரைக் கொல்லும். ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல தண்ணீர் சரி. அது கழித்துவிடும் தண்ணீர் போர் தண்ணீரைவிட மோசம், சிக்கனம் பார்த்து அதை ஊற்றிவிடாதே. கேன் தண்ணீரை, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்று. 50-க்குள் இருந்தால் நல்லது. எல்லாவற்றிலும் உயர்ந்தது மழைநீர். மண்ணுக்குப் பதில் ஸ்பாக்னம் மாஸும் பெர்லைட்டும். உப்புப் போக ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டும் சேர்க்கலாம். ஈரம் இருக்கட்டும், தொட்டி தண்ணீரில் நிற்க வேண்டாம். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் போதும். மேற்கு என்றால் மெல்லிய திரை போடு. ஏசி அறை வேண்டவே வேண்டாம், அந்த உலர்ந்த காற்றில் குடுவை கட்டாது. திருச்சி, மதுரைக்காரர்கள் மற்ற தொட்டிகளின் நடுவே வைத்தால் ஈரம் கொஞ்சம் நிற்கும். சிக்கன் துண்டெல்லாம் போடாதே, அழுகும். எறும்பு தானே வரும். கொசு ஒழியுமா என்று பக்கத்து வீட்டு மாமா கேட்பார். ஒழியாது என்று சொல்லிவிடு.

இனி உன் சோதனை. வாங்கி வந்த சில வாரங்களில் இருக்கிற குடுவைகள் ஒவ்வொன்றாகக் காயும். வீட்டில் கேலி தொடங்கும். "காசைக் கரியாக்கினாயே" என்பார்கள். அது பழகும்வரை தொட்டியை இடம் மாற்றாதே, பிடுங்கி வேரைப் பார்க்காதே. காய்ந்த குடுவையை விட்டுவிட்டு நடுக்குருத்தைப் பார். புதிய இலை வந்தால் செடி உயிரோடு உன் வீட்டைப் பழகிக்கொண்டிருக்கிறது. மாதங்கள் ஆகலாம். இலை வருகிறது, குடுவை மட்டும் வரவில்லையா? பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை, அல்லது காற்றில் ஈரம் குறைவு. ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளு. உன் கையில் இருக்கும் வேலை அவ்வளவுதான், அதைச் செய். கேலிக்குப் பதில் சொல்வது அதில் சேராது.

நாற்றங்காலில் பெருக்கிய செடியா என்று கேட்டு வாங்கு. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே இனமான காசியானா, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து தோண்டியதை யாராவது நீட்டினால் அந்த இடத்திலேயே மறுத்துவிடு. மழைநீர் பிடிக்கும் வேலையையும் நாளைக்கு ஒத்திப்போடாதே. ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடியில் ஒரு டிரம்மைக் கழுவி வை. முதல் மழை தூசியோடு ஓடிப் போகட்டும், அடுத்ததைப் பிடித்து, கொசு புகாமல் துணியால் வாய் கட்டு.