குற்றம் யாருடையது?

துன்பம் ஒன்றைக் கண்டவுடன் அதற்குரிய குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்ட சீடர்கள், அந்நிலைக்குக் காரணமான பாவி யார் என்றே ஆண்டவரிடம் வினவினர். ஆண்டவரோ எவர்மீதும் பழி சுமத்தாமல் அம்மனிதருக்குப் பார்வை அளித்தார். ஆயினும் அந்தப் பழைய கேள்வி நம் இல்லங்களையும் பள்ளிகளையும் விட்டு இன்னும் அகலவில்லை. தெளிவாகப் பேசும் குழந்தை நான்காம் வகுப்பிலும் ஒரு பத்தியை வாசிக்கத் திணறினால், அதற்குச் சோம்பேறி என்ற பட்டம் கிடைக்கிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்தவள் என்ற பழி தாய்க்குச் சேர்கிறது.

கற்றல் குறைபாடு அறிவுக்குறைவினால் வருவதன்று. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவன் கூர்மையானவன், கணக்கை எளிதில் போடுவான், ஆனால் எளிய சொற்களையும் வாசிக்க இயலாதவன். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே சிறந்தவனாக அவன் விளங்குவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

இக்குறைபாடு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ தோன்றலாம். தமிழில் 'கெ' என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். கொம்பு முன்னே எழுதப்படுகிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. பிற குழந்தைகள் விரைவில் கடந்துவிடும் இத்தகைய இடர்களைக் கடக்க இக்குழந்தை ஆண்டுக்கணக்கில் போராடுகிறது. ஒலியையும் வரிவடிவையும் மூளை இணைக்கும் முறையில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். அது பெரும்பாலும் மரபுவழி வருகிறது. குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு எடையும் அதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

ஆகவே தீர்ப்பிடுமுன் ஆராய்தல் நம் கடமை. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். குழந்தை ஒழுங்காகப் பள்ளி சென்றதா, கற்பிக்கும் மொழி அதற்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டும். அதன்பின் உளவியலார் அறிவுத்திறனையும், வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறன்களையும் அளந்தறிவர். ஏறத்தாழ எட்டு வயதுக்குப் பின்னரே முடிவு உறுதியாகும். எனினும் உதவி அதுவரை காத்திருக்கலாகாது.

இதனை முற்றிலும் தடுக்க இயலுமா? கருவுற்ற தாய்க்கு நல்லுணவும் மருத்துவக் கவனிப்பும் அளித்தலும், மதுவும் புகையும் அவரை அணுகாது காத்தலும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அரண். ஆயினும் மரபால் வருவதைத் தடுக்க வழியில்லை. நாம் தடுக்கக்கூடியது வேறொன்று உண்டு. தான் எதற்கும் உதவாதவன் என்று ஒரு குழந்தை நம்பத் தொடங்கும் அந்தக் காயம் இயற்கை தந்ததன்று, மனிதர் தருவது.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இடம்பெறாத இக்குறைபாட்டை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் துணையாளரும் இம்மாணவருக்குக் கிடைக்கின்றன. இது மற்ற மாணவருக்கு அநீதி ஆகாதா என்று சிலர் கேட்கின்றனர். நம் திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு. குருமாணவராயிருந்த ஜான் மரிய வியான்னி இலத்தீன் மொழியில் திணறித் தேர்வில் தோற்றார். அவருடைய ஆசிரியரான அருள்தந்தை பல்லே மனம் தளரவில்லை. மீண்டும் அவரைத் தம் தாய்மொழியாகிய பிரெஞ்சில் வினவியபோது நிறைவான விடை தந்தார். 1815இல் குருவான அவர், பின்னாளில் பங்குத்தந்தையரின் பாதுகாவலரானார். அவருக்கு இக்குறைபாடு இருந்தது என நாம் கூறவில்லை. ஒருவரிடம் உள்ளதை அளக்கும் தேர்வே நீதியான தேர்வு என்பதே நாம் கற்கும் பாடம்.

புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் மறைக்கல்வி வகுப்புகளில் இப்பாடத்தைக் கடைப்பிடிப்போம். செபத்தைப் புத்தகத்தில் வாசிக்க இயலாத குழந்தை அதைக் காதால் கேட்டுக் கற்கட்டும். எழுத இயலாதது தன் விசுவாசத்தை வாயால் அறிக்கையிடட்டும். குற்றம் யாருடையது என்று கேட்பதை விடுத்து, இக்குழந்தைக்கு எவ்வழி திறக்கும் என்று கேட்கக் கற்றுக்கொள்வோம்.